தூக்கம் குறைந்த லென்ஸ்

என் பெரிய லென்ஸின் எடை மூன்று கிலோ நாற்பது கிராம். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். கேரள எல்லையோரக் கொல்லங்கோட்டில் எனக்கு நெல் வயலும் கொஞ்சம் தென்னையும் உண்டு. அறுவடை முடிந்த கையோடு லென்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு நெல்லியாம்பதிக்கு மலையேறிவிடுவேன். என் மனைவி பெயர் மௌனிகா. பேருக்கும் ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த லென்ஸை அவள் "உங்க மூத்த சம்சாரம்" என்றுதான் சொல்வாள். காரில் முன் சீட்டு அதற்கு, பின் சீட்டு தனக்கு என்பது அவளுடைய நெடுநாள் புகார். புகாரில் பொய் இல்லை.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றியல்ல, மாரித்தாயைப் பற்றி. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். ஆனால் என் அகம்பாவத்தை முதலில் சொல்லாவிட்டால் அவரைப் பார்த்து நான் ஏன் வாயடைத்துப் போனேன் என்பது உங்களுக்கு விளங்காது.

காட்டுயிர்ப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். கோயம்புத்தூர், ஈரோடு, சென்னை ஆட்கள். பாதிப் பேர் டாக்டர்கள், மீதிப் பேர் ஆடிட்டர்கள், மிச்சம் மீதி நான். அங்கே புலியைப் பற்றிப் பேசுவதைவிடப் புலியை எந்த லென்ஸில் எடுத்தோம் என்ற பேச்சுதான் அதிகம். யாருடையது நீளம், யாருடையது கனம் என்பதில் நாங்கள் எல்லோரும் பத்தாம் வகுப்புப் பையன்கள் மாதிரி.

அந்தக் குழுவில் 'மாரி' என்ற பெயரில் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ படம் வரும். விளக்கம் எதுவும் இருக்காது. நான் முதலில் பார்த்தது ஓர் ஆண் இருவாச்சி. எங்கள் மலைகளில் இருக்கிற மிகப் பெரிய பறவைகளில் ஒன்று அது. மஞ்சள் அலகு, அதன் மேல் இன்னொரு மஞ்சள் கொண்டை, ரத்தச் சிவப்பில் கண். அலகு நுனியில் பிடித்த அத்திப்பழத்தை மேலே சுண்டிவிட்டுத் தொண்டைக்குள் வாங்கப் போகிறது. பழம் காற்றில் நிற்கிறது. அதன் தோலில் பனித்துளி இருக்கிறது. நான் பதினோரு வருடமாக இருவாச்சி எடுக்கிறேன். அன்று என் படங்களை எல்லாம் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

குழுவில் ஒருவர் கேட்டார்: "சார், எந்த லென்ஸ்?"

பதில் வந்தது: "கிட்ட வந்துச்சு சார்."

ஏதோ ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி, பேச்சைக் குறைத்துக்கொண்டவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன ஏப்ரல் முதல் வாரத்தில் மாரியிடமிருந்து படம் இல்லாமல் ஒரு செய்தி வந்தது. "வணக்கம். நீளமான லென்ஸ் வாங்கணும். தூக்கம் குறைவா இருக்கணும். எது நல்லது?"

குழு குதூகலமாகிவிட்டது. "தூக்கம் குறைவா இருந்தா லென்ஸ் வேண்டாம் சார், பிரஷர் பாருங்க" என்று ஒரு டாக்டர். "என் லென்ஸ் வாங்குன கடனை நெனச்சா தூக்கமே வராது, அதையே எடுத்துக்கங்க" என்று ஒரு ஆடிட்டர். சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் ரேஷன் கடையில், நகைக்கடையில், மீன் சந்தையில் எல்லாம் தூக்கம் என்றால் எடை. மலையாளத்துச் சொல். எல்லையில் குடியிருப்பவர்கள் நாக்கில் அது எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் தூங்குவதும் தூக்கம்தான், கடையில் நிறுப்பதும் தூக்கம்தான், நாங்கள் குழம்பியதே இல்லை. நான் எழுதினேன்: "அவரு கேக்கறது எடைங்க. கேரளத்துல பொழைக்கறவங்க வாயில அப்படித்தான் வரும். சிரிச்சது போதும்." குழு கப்சிப்பென்று ஆனது.

பத்து நிமிடத்தில் எனக்குத் தனியாகச் செய்தி. "நன்றி அண்ணே. எஸ்டேட்ல கொழுந்து நிறுக்கிறத தூக்கம் போடுறதுன்னுதான் சொல்லுவோம். எழுதுறப்ப நெனப்பில்லாம போச்சு."

கொழுந்தா? நான் போன் போட்டேன். எடுத்தது பெண் குரல்.

"நாந்தாண்ணே மாரித்தாய். குழுவுல எல்லாரும் சார், சார்னாங்க. திருத்துறதுக்குக் கூச்சமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

மாரித்தாய்க்கு நாற்பத்தாறு வயது. பாட்டன் காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். வண்டிப்பெரியாரில் பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பத்தொன்பது வயதில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கியவர். கணவர் சுடலை அதே எஸ்டேட் ஃபாக்டரியில் இலை உலர்த்தும் இடத்தில் இருக்கிறார். மகள் ஆர்த்திக்குக் குமுளியில் ஒரு விடுதியில் வரவேற்பு வேலை. விடுதிக்கு வந்த யாரோ விற்றுவிட்டுப் போன பழைய காமிராவை ஐந்து வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதனோடு வந்தது ஒரு குட்டி லென்ஸ். அந்தக் குட்டி லென்ஸில் எடுத்ததுதான் காற்றில் நின்ற அத்திப்பழம். இதைக் கேட்டபோது எனக்கு வந்தது பொறாமைதான். மறைக்க ஒன்றுமில்லை.

அப்புறம் அவர் விஷயத்துக்கு வந்தார்.

டிசம்பரில் பனி ஈரத்தில் கால் வழுக்கி, நிறைந்த சாக்கோடு சரிவில் விழுந்ததில் இடது தோள் ஜவ்வு கிழிந்துவிட்டது. கோட்டயத்தில் ஆபரேஷன். நாலு மாதம் வீட்டில் கிடந்தார். ஏப்ரல் நடுவில் விஷு முடிந்து வருகிற திங்கட்கிழமை எஸ்டேட் டிஸ்பென்சரியில் போய்க் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கினால் வேலை. தூக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வேலை போனால் எஸ்டேட் அவர் பெயரில் கொடுத்திருக்கிற லயத்து வீடும் போகும். சுடலைக்கு ஆகஸ்டோடு சர்வீஸ் முடிகிறது.

"கை எவ்வளவு தூரம் ஏறுதுங்க?" என்று கேட்டேன்.

"தோள் மட்டத்துக்குண்ணே. அதுக்கு மேல ஒரு விரக்கடை ஏற மாட்டேங்குது. செவுத்துல வெரல வச்சு நடத்தி ஏத்தச் சொன்னாங்க. தெனமும் ஏத்துறேன். தோள் மட்டம் வந்ததும் நின்னுருது. சதையெல்லாம் ஒட்டியாச்சு, இனி உங்க பயம்தான் விடாம ஒட்டிக்கிட்டு இருக்குங்கிறாரு டாக்டரு. பயம் எங்கண்ணே இருக்கு, புடிச்சுக் கழட்டுறதுக்கு?"

"இந்த நிலைமையில எதுக்குங்க தங்கச்சி லென்ஸு?"

போனோடு அவர் வாசலுக்கு வருகிற காலடிச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"மலமுழக்கி வெளிய வரப் போகுதுண்ணே."

இருவாச்சிக்கு அவர்கள் பக்கத்துப் பெயர் மலமுழக்கி. அது பறக்கும்போது இறக்கைச் சத்தத்தில் மலையே முழங்கும். அந்தப் பறவையின் குடித்தனத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய மரத்துப் பொந்துக்குள் பெண் பறவை போய் உட்கார்ந்துகொண்டு, வாசலைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு வைக்கும். உள்ளே போனதும் அதன் சிறகுகள் உதிர்ந்துபோகும். பறக்கவே முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியே ஊட்ட வேண்டும். ஆணுக்கு ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதிதான். சிறகு முளைத்து, குஞ்சும் ஓரளவு வளர்ந்த பிறகு தாய் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். குஞ்சு உள்ளேயே இருந்து, உடைந்த சுவரைத் தானே மறுபடி பூசிக்கொள்ளும். முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன குஞ்சுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்த இடத்தில் என் மூளை ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும்.

மாரித்தாயின் லயத்துக்கு எதிரே ஓடைக்கு அந்தப் பக்கம் அப்படியொரு மரம். ஒன்பது வருடமாக ஒரே ஜோடி. ஒன்பது வருடமும் பெண் வெளியே வந்த நாளில் இவர் வேறு ஏதாவது சரிவில் பறித்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் சுவர் உடைந்திருக்கும், ஆள் போயிருக்கும்.

"நான் ஆஸ்பத்திரியிலருந்து வந்து படுத்த அதே வாரம் அவளும் உள்ள போய்ட்டாண்ணே. ரெண்டு பேரும் நாலு மாசமா எதிரும் புதிருமாக் கெடக்கோம். வெள்ளிக்கிழமைலருந்து உள்ளருந்து கொத்துறா, செவுரு உதிருது. நாலு மாசம் மடக்கி வச்ச றெக்கை அவளுக்கு விரியுதான்னு நான் பாக்கணும். மலைய விட்டு எறங்குறதா இருந்தாலும் அதப் பாத்துட்டுத்தான் எறங்கணும்."

மரம் இவர் நிற்கக்கூடிய இடத்திலிருந்து நூற்றிருபது மீட்டர். குட்டி லென்ஸில் பொந்து ஒரு மிளகு அளவுதான் தெரியும். கூட்டுக்குப் பக்கத்தில் போனால் பறவை மிரளும், கூட்டைக் கைவிட்டாலும் விடும். அதனால் போக மாட்டார். நீள லென்ஸ் வேண்டும். ஆனால் லென்ஸைத் தாங்குவது இடது கை. வலது கை பொத்தானை அமுக்கும், அவ்வளவுதான். இடது கையில் ஒரு கிலோவுக்கு மேல் தூக்கினால் தைத்த இடம் மறுபடி பிய்ந்துபோகலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

"வாங்கறதுக்கு முன்னாடி கையில புடிச்சுப் பாத்தாத்தான் தெரியுமுங்க. என்கிட்ட நாலு இருக்குது. எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

மௌனிகா கேட்டாள்: "ஏனுங்க, லென்ஸைக் குடுக்கப் போறீங்களா, காட்டப் போறீங்களா?" நான் பையை எடுத்துக் கட்டினேன். காட்டத்தான் போனேன். ஒரு கொழுந்துக்காரம்மா என் மூன்று கிலோவைப் பார்த்து மலைத்துப்போவதைப் பார்க்க ஆசை.

பொள்ளாச்சி, உடுமலை, தேனி என்று சுற்றிக்கொண்டு குமுளியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் எஸ்டேட்டில் இருந்தேன். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள். மாரித்தாய் வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான ஆள். இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார், அது தன்னுடையதல்ல, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது என்பதுபோல.

பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். நான் கட்டிலில் துண்டை விரித்து நாலு லென்ஸையும் வரிசையாக வைத்தேன். பெரியதை நடுவில் வைத்தேன்.

அவர் வலது உள்ளங்கையை நீட்டினார். "வைங்கண்ணே, ஒவ்வொண்ணா."

முதலில் பெரியதை வைத்தேன். கை லேசாகத் தாழ்ந்து எழுந்தது. "மூணு கிலோ. மேல ஒரு நாப்பது, அம்பது கிராம் இருக்கும்."

நான் அவரைப் பார்த்தேன். அடுத்ததை வைத்தேன். "ரெண்டு கிலோவுக்கு ஒரு கை கொறைவு. ஆயிரத்துத் தொள்ளாயிரம்." அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து. மூன்றாவதற்கு ஒன்றரைக் கிலோவில் கொஞ்சம் கம்மி என்றார். அதுவும் சரி. இருபத்தேழு வருடமாக ஒவ்வொரு நாளும் சாக்கைத் தூக்கிப் பார்த்து, தராசில் போடுவதற்கு முன்பே எவ்வளவு என்று தெரிந்துகொண்ட கை. கணக்குப்பிள்ளை குறைத்துச் சொன்னால் மறுத்துப் பேச அந்தக் கை ஒன்றுதான் சாட்சி. என் லென்ஸின் எடையை நான் பெட்டியில் படித்துத் தெரிந்துகொண்டவன்.

"மழை நாள்ல ஈரத்துக்குன்னு ரெண்டு மூணு கிலோ கழிப்பாங்க. இந்த மூணு கிலோவுல அப்படி எதும் கழிவு கெடையாதாண்ணே?" என்று சிரிக்காமல் கேட்டார்.

"அகம்பாவத்தைக் கழிச்சா ரெண்டு கிலோ வருமுங்க" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

நாலாவது லென்ஸைச் சொல்லவே எனக்கு வெட்கம். முந்நூறு மில்லிமீட்டர். ஒரு தண்ணீர் பாட்டில் அளவுகூட இருக்காது. யாரோ நல்லது என்று சொன்னதைக் கேட்டு வாங்கி, குழுவில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள் என்று வெளியில் எடுக்காமலே வைத்திருந்தது. எண்ணிக்கைக்காகத்தான் பையில் கிடந்தது.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். "முக்காக் கிலோ" என்றார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். தன் காமிராவில் அதை மாட்டச் சொல்லி, வலது கையில் வாங்கி, முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார். பெரியதையும் மாட்டச் சொல்லி அதேபோல, கட்டிலில் அதன் அடியை ஊன்றியபடியே, சாய்த்துப் பார்த்தார்.

"இது மூக்குல கனக்குதுண்ணே. சாக்குல கொழுந்து அடியில எறங்கிட்டா இருபது கிலோவும் நாப்பதா இழுக்கும். முதுகோட ஒட்டி இருந்தா நாப்பதும் இருபதாத்தான் தெரியும். இந்தச் சின்னது காமிராவோட ஒட்டி நிக்கி. முன்னால இழுக்கல."

எடை முன்பக்கம் விழுகிறதா, கையோடு சேர்ந்து நிற்கிறதா என்பதைப் பற்றி நான் இங்கிலீஷில் ஏழு கட்டுரை படித்திருக்கிறேன். ஏழையும் அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

"ஆனா அது எட்டாதுங்க தங்கச்சி. நூத்திருபது மீட்டருக்கு அந்த லென்ஸ்ல பறவை சின்னதாத்தான் தெரியும்."

"மொதல்ல இடத்தப் பாருங்கண்ணே" என்றார்.

லயத்துக்குப் பின்னால் தேயிலை ஓடையை நோக்கிச் சரிந்தது. நடைபாதை ஓரத்தில் என் முக்காலியை ஊன்றி, பெரிய லென்ஸைப் பொருத்தி, பொந்தைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் கண்ணை வைத்தார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் கண்ணை எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஆண் பறவை வந்தது. சத்தம் முதலில் வந்தது. ரயில் என்ஜின் மூச்சு விடுகிற சத்தம், ஓடை முழுக்க நிறைந்தது. நான் எத்தனையோ தடவை கேட்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்குக் கைகூப்பத் தோன்றும். அது பொந்துக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக வரவழைத்துக் கீற்று வழியே கொடுத்தது.

"முப்பத்தொண்ணு" என்றார் மாரித்தாய், கண்ணை எடுக்காமலே. "உள்ளருந்து அலகு வந்து வாங்குது. அவளோட கண்ணு தெரியுதுண்ணே. வெள்ளையா இருக்கு. ஒம்போது வருசம்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"இங்கியே நின்னு பாருங்க. முக்காலி தாங்கிக்கும், கையில ஒரு கிராம்கூட விழாது. நான் சும்மா நிக்கறேன்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு என் படம் முக்கியமாகத் தோன்றவில்லை.

அவர் தலையை ஆட்டினார். "செவுரு உடையறத நீங்க எடுங்கண்ணே. எனக்குச் செவுரு வேணாம். அவ பறக்கிறதுதான் வேணும். இத வச்சு அவ பின்னால திரும்ப முடியாது."

"அவ எந்தப் பக்கம் போவான்னு எப்படீங்க தெரியும்?"

"நாலு மாசமா ஒக்காந்தே இருந்தவ. ஒடம்பு கனத்திருக்கும். றெக்கைக்கு இன்னும் பழக்கம் வரல. நெறஞ்ச சாக்கோட நாங்க யாரும் மேட்டுப்பாதையில போக மாட்டோம்ணே, சுத்தா இருந்தாலும் எறக்கம்தான் பாப்போம். அவளும் மேல போக மாட்டா. ஓடைக்கு எறங்குவா. ஓடை அந்தா அந்த வளைவுல நம்ம பக்கம் திரும்புதுல்லா? அங்க ஏறித்தான் ஆகணும்."

சின்ன லென்ஸை மாட்டிய காமிராவை வலது கையில் எடுத்துக்கொண்டு, பாதையில் அறுபது எழுபது அடி கீழே போய், ஓடை வளைவுக்கு மேலே ஒரு தேயிலைச் செடி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். வெட்டி வெட்டி மேசைபோல மட்டமாகிப்போன செடி. அதன் மேல் காமிராவைச் சாய்த்து வைத்துக்கொண்டார். இடது கை வயிற்றோடு இருந்தது.

காத்திருந்தோம். எட்டரை, ஒன்பதரை, பத்தேகால். கீற்றுக்குள் அலகு வந்து வந்து போனது. ஒவ்வொரு கொத்துக்கும் சுவரிலிருந்து துணுக்குகள் உதிர்ந்தன. ஆண் பறவை மேல்கிளையில் உட்கார்ந்து, ஒருதரம் கத்துவதும் நாலு அடி நகர்வதுமாக இருந்தது. பிரசவ வார்டுக்கு வெளியே நான் நடந்த நடை ஞாபகம் வந்தது.

பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் கையகலத் துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. பெரிய லென்ஸில் எல்லாம் தெரிந்தது. முழு அலகு வந்தது. தலை வந்தது. தோள் சிக்கிக்கொண்டது. அது பின்வாங்கி, மறுபடி முட்டி, மறுபடி பின்வாங்கியது. மூன்றாவது முட்டில் ஒரு பக்கத் தோள் வெளியே வந்தது, பிறகு உடம்பு முழுவதும், கசங்கி, அழுக்குப் படிந்து, வால் வளைந்து. பொந்தின் உதட்டைக் காலால் பிடித்துக்கொண்டு தொங்கியது. எத்தனை படம் எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. கை தானாக அமுக்கிக்கொண்டிருந்தது.

பிறகு அது விழுந்தது.

பறக்கவில்லை, விழுந்தது. அரைகுறையாக இறக்கையை விரித்தபடி ஒரு கல் மாதிரி நேராகக் கீழே போனது. மூன்று கிலோ நாற்பது கிராமைத் திருப்புவதற்குள் என் லென்ஸில் வெறும் இலைதான் இருந்தது. நான் பைத்தியக்காரன் மாதிரி அந்த நீளக் குழாயை வைத்துக்கொண்டு ஓடைப் புதர் முழுக்கத் தேடினேன். பெரிய லென்ஸில் ஒன்று தெரிந்தால் அது மட்டும்தான் தெரியும், சுற்றி என்ன நடக்கிறது என்பது தெரியாது. சத்தம் இல்லை. அந்த இறக்கைச் சத்தம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். முதலில் வந்த கவலை பறவையைப் பற்றியல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாரித்தாயைப் பற்றி. இதையா இந்த அம்மா பார்க்க வேண்டும்?

"அண்ணே!"

நான் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் புதரில்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அங்கிட்டு இல்ல! அந்தா! அந்தா வாறா! மேல பாருங்க, மேல!"

நிமிர்ந்தேன். முதலில் சத்தம். புஸ், புஸ் என்று பிசிறு தட்டிய மூச்சு, ஒரு இறக்கைக்கும் இன்னொன்றுக்கும் பொருத்தம் இல்லாத மாதிரி. ஓடை வளைவில், அவர் சொன்ன அதே இடத்தில், அது தேயிலைக்கு மேலே எழும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் அரை அடி ஏறியது. அவர் தலைக்கு இருபதடி உயரத்தில் வந்தபோது வெயில் அதன் இறக்கை வழியாக விழுந்தது. புதுச் சிறகுகள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளை இறக்கை விரிந்த விரிவைப் பார்த்து என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்ததென்று எனக்குத் தெரியாது. மாரித்தாயின் வலது கையில் காமிரா பறவையோடு சேர்ந்து திரும்பியது. முக்கால் கிலோ லென்ஸ், ஒரு கைக்கே அடங்கி நின்றது. பொத்தான் விடாமல் தட்டிக்கொண்டிருந்த சத்தம் எனக்கே கேட்டது.

அப்போதுதான் அவருடைய மற்றக் கையைப் பார்த்தேன்.

எனக்குப் பறவையைக் காட்டுவதற்காகச் சுட்டிய கை. இடது கை. நேரே வானத்தை நோக்கி, காதை ஒட்டி, முழு நீளத்துக்கு, ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நின்றிருந்தது.

பறவை அவரைத் தாண்டி, என்னைத் தாண்டி, லயத்துக் கூரைப் பக்கம் போனது. சத்தம் மெல்லக் குறைந்தது. மாரித்தாய் காமிராவைச் செடிமேல் இறக்கி வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மேலே பார்த்தார்.

கை அங்கேயே இருந்தது.

அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுபோல மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணே, எறக்கவா?"

"எறக்குங்க தங்கச்சி."

"எறக்குனா திரும்ப ஏறுமாண்ணே?"

முக்காலியை அப்படியே விட்டுவிட்டுச் சரிவில் இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை இறக்கினார். காது, தோள், மார்பு, வயிறு என்று அது தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஒரு நிமிடம் இருந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு கை புறப்பட்டது. தோள் மட்டத்தில் வந்து நின்றது. முகம் வலியில் சுருங்கியது, ஆனால் கை இறங்கவில்லை. ஒரு விரற்கடை ஏறியது. இன்னொரு விரற்கடை. பிறகு அது பாட்டுக்கு ஏறத் தொடங்கி, தலைக்கு மேலே போய் நின்றது.

இருவாச்சி கடைசியில் எந்த மரத்தில் போய் உட்கார்ந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.